பூச்சிக்கடி அரிப்புக்கு நறுமண எண்ணெய்: எதைத் தடவலாம், எவ்வளவு, யாருக்கு வேண்டாம்?

#1 தும்பை

எல்லாருக்கும் வணக்கம். கொசு கடிச்சாலும் எறும்பு கடிச்சாலும் எனக்கு உடனே தடிச்சுடும், ரெண்டு மூணு நாள் அரிப்பு அடங்காது. தூக்கத்துல என்னை அறியாமலே சொறிஞ்சு, காலையில பார்த்தா தோல் உரிஞ்சிருக்கும். என் பொண்ணுக்கும் அதே உடம்புவாகு. அவளுக்கு ஆறு வயசு, "சொறியாதே"ன்னு சொன்னா எப்படிக் கேப்பா?

வீட்டுல டீ ட்ரீ, லாவெண்டர், பெப்பர்மின்ட், யூகலிப்டஸ் எண்ணெய் எல்லாம் சின்னச் சின்னக் குப்பியில இருக்கு. இதுல எது நிஜமாவே அரிப்பை அடக்கும்? அப்படியே தடவலாமா, எதுலயாவது கலக்கணுமா? அக்கா குழந்தையும் அடிக்கடி வரும், அதுக்கு இன்னும் ரெண்டு வயசு ஆகலை. அதுக்கும் போடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 செங்காந்தள்

லாவெண்டர்தான் தோழி. ஒரு சொட்டு எடுத்து கடிச்ச இடத்துல நேரா வெச்சா போதும். லாவெண்டரும் டீ ட்ரீயும் மட்டும் கலக்காமலே போடலாம், மத்தது எல்லாம் கலக்கணும். எங்க வீட்டுல ரொம்ப காலமா இப்படித்தான்.

#3 பனித்துளி

செங்காந்தள் சொன்னதுல எனக்கு உடன்பாடு இல்லை. அதுக்குக் காரணம் சொல்றதுக்கு முன்னாடி, அரிப்பு எங்கிருந்து வருதுன்னு சொல்லிடறேன். நான் மருந்தாளுநர். கடைக்கு வர்றவங்க தினமும் கேக்குற கேள்வி இது.

கொசு கடிக்கும்போது தன்னோட உமிழ்நீரையும் தோலுக்குள்ள செலுத்துது. ரத்தம் உறையாம இருக்கத் தேவையான புரதங்கள் அதுல இருக்கு. நம்ம உடம்பு அந்தப் புரதத்தை அந்நியப் பொருள்னு கண்டுக்கிட்டு, மாஸ்ட் செல்கள் (தோல்ல இருக்கிற ஒரு வகை எதிர்ப்புச் செல்கள்) வழியா ஹிஸ்டமின்ங்கிற ரசாயனத்தை வெளியே விடுது. ஹிஸ்டமின் நரம்பு நுனியைத் தூண்டினா அரிப்பு, ரத்தக் குழாயை விரிச்சா சிவப்பு, நீர் கசிஞ்சா தடிப்பு. சில நிமிஷத்துல வர்ற வெளிறிய தடிப்பு இதுதான். ஒரு நாள் கழிச்சு அதே இடத்துல கெட்டியா, சிவப்பா, இன்னும் மோசமா அரிக்கிற ஒரு கட்டி வரும். அது தாமதமா வர்ற இன்னொரு எதிர்வினை. தும்பை, உங்களுக்கு ரெண்டு மூணு நாள் நீடிக்கிறது இந்த ரெண்டாவது வகை.

ஆக எந்த எண்ணெயும் கொசு விட்டுட்டுப் போன புரதத்தை அழிக்காது. அரிப்பு மூளைக்குப் போய்ச் சேர்ற வழியில கொஞ்சம் குறுக்கிடலாம், வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கலாம். அந்த அளவுக்கு எதிர்பார்த்தா ஏமாற்றம் இருக்காது.

இப்போ நேரடியாத் தடவுற விஷயம். லாவெண்டர்ல லினலூல்னு ஒரு பொருள் நிறைய இருக்கு. காத்து பட்டுப் பட்டு அது ஆக்சிஜனோட சேரும்போது உண்டாகிற பொருள்கள் தோல் ஒவ்வாமையைத் தூண்டக் கூடியவை. டீ ட்ரீயும் அப்படித்தான், பழசாக ஆக அதோட ஒவ்வாமைத் தன்மை கூடும். ஒரு தடவை உடம்பு அந்தப் பொருளை ஒவ்வாததுன்னு பழகிட்டா, பிறகு அது இருக்கிற சோப்பு, ஷாம்பு, க்ரீம் எதைத் தொட்டாலும் தோல் சிவந்து அரிக்கும். பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க. பல வருஷம் ஒண்ணும் ஆகாம இருந்துட்டுத் திடீர்னு ஒரு நாள் வர்றதும் உண்டு. அதனால "எங்களுக்கு இதுவரை ஒண்ணும் ஆகலை"ங்கிறதை வெச்சு அடுத்தவங்களுக்குச் சொல்ல முடியாது.

#4 செங்காந்தள்

வாழ்நாள் முழுக்கன்னு தெரியாது சகோ. இவ்வளவு விளக்கமா யாரும் சொன்னதில்லை. ஆனா லாவெண்டர் போட்டதும் அரிப்பு குறையறது உண்மை, அதை நான் மாத்திச் சொல்ல மாட்டேன்.

#5 ஆலங்கட்டி

எனக்கு ஒரு கேள்வி. எதைத் தடவினாலும் கொஞ்ச நேரத்துக்கு அரிப்பு குறையத்தானே செய்யும்? ஈரம் ஆவியாகும்போது வர்ற குளிர்ச்சி, விரலால தேய்க்கிற அழுத்தம், இதுவே பாதி வேலை செஞ்சிடும். எண்ணெய்தான் செய்யுதுன்னு யாராவது முறையா சோதிச்சிருக்காங்களா? கேள்விப்பட்டதை விட்டுட்டு, சோதனை இருந்தா சொல்லுங்க.

#6 பனித்துளி

நியாயமான கேள்வி. டீ ட்ரீக்கு ஒரு நல்ல சோதனை இருக்கு. 2002-ல ஆஸ்திரேலியாவுல 27 பேரோட முன்கையில ஹிஸ்டமினை ஊசியால செலுத்தித் தடிப்பை வரவழைச்சாங்க. 20 நிமிஷம் கழிச்சு 21 பேருக்கு அந்த இடத்துல டீ ட்ரீ எண்ணெய் தடவினாங்க, மீதிப் பேர் ஒப்பிடுறதுக்கு. தடவின 10 நிமிஷத்துலேயே தடிப்போட கன அளவு தெளிவாக் குறைஞ்சது. சுத்தியிருந்த சிவப்பு குறையலை. தடவினது கலக்காத எண்ணெய். நாம கலந்து போடுறதுல அதே பலன் அப்படியே கிடைக்கும்னு இதை வெச்சுச் சொல்லிட முடியாது. இது ஊசியால செலுத்தின ஹிஸ்டமின், கொசுக்கடி இல்லைங்கிறதையும் ஞாபகம் வெச்சுக்கணும்.

பெப்பர்மின்ட்டுக்கு வேலை செய்யுற விதம் இன்னும் தெளிவு. அதுல 30 முதல் 55 சதவீதம் வரைக்கும் மென்தால். தோல் நரம்புல குளிரை உணர்ற டிஆர்பிஎம்8னு ஒரு வாங்கி (ரிசெப்டார், அதாவது செய்தியைப் பிடிக்கிற புரதம்) இருக்கு, மென்தால் அதைத் திறந்துவிடுது. தோல் நிஜமாக் குளிராமலே மூளைக்குக் குளிருதுன்னு செய்தி போகுது, அரிப்புச் செய்தி அதுக்குப் பின்னால தள்ளப்படுது. 2021-ல மருத்துவ நோபல் வாங்கின டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ரெண்டு பேரும் கண்டுபிடிச்சதுல இந்த வாங்கியும் ஒண்ணு. அதனால பெப்பர்மின்ட்டுக்கு அரிப்பு குறையறது வெறும் நம்பிக்கை இல்லை. ஆனா மென்தால் ஆவியாகிப் போனதும் அரிப்பு திரும்பிடும்.

லாவெண்டருக்கு மனுஷங்கிட்ட இந்த மாதிரி அரிப்புச் சோதனை எதையும் நான் உறுதியாச் சொல்ற அளவுக்குப் பார்த்ததில்லை. மணம் மனசை இளக்குது, அதனால சொறியுற வேகம் குறையலாம். அது சின்ன விஷயம்னு நான் நினைக்கலை, தூக்கம் வராத ராத்திரியில அதுவும் உதவிதான்.

#7 நொச்சிவேலி

நான் சோப்பு, தைலம் எல்லாம் வீட்டுலேயே செய்யுறவ. கலக்குற அளவை நான் சொல்றேன்.

ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 20 சொட்டுன்னு கணக்கு. 5 மில்லி (ஒரு தேக்கரண்டி) தேங்காய் எண்ணெயில ஒரு சொட்டு விட்டா 1 சதவீதம். ரெண்டு சொட்டு விட்டா 2 சதவீதம். 30 மில்லி குப்பிக்குன்னா 6 சொட்டு, 12 சொட்டு. பெரியவங்களுக்கு 2 சதவீதத்தைத் தாண்டத் தேவையே இல்லை, ஆறு வயசுப் பொண்ணுக்கு 1 சதவீதமே அதிகபட்சம். கூட ஊத்தினா கூடப் பலன்னு நினைக்காதீங்க. பெப்பர்மின்ட் கூடிப்போனா குளிர்ச்சி போய் எரிச்சல் வந்துடும். 2 சதவீதக் கலவையில மென்தால் ஏறக்குறைய ஒரு சதவீதம் வந்துடுது. மென்தால் போட்ட அரிப்பு லோஷன்கள்லயும் அளவு அதை ஒட்டித்தான் இருக்கும்.

சொட்டு மூடிக்கு மூடி மாறும்ங்கிறதால நான் பெரும்பாலும் அளவுச் சிரிஞ்சுலதான் எடுக்கிறேன். 30 மில்லிக்கு 2 சதவீதம்னா 0.6 மில்லி.

முதல் தடவை போடுறதுக்கு முன்னாடி, கலந்த எண்ணெயை முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாளாவது, முடிஞ்சா ரெண்டு நாள் விட்டுப் பாருங்க. சிவக்கலை, அரிக்கலைன்னா கடிக்குப் போடலாம். உரிஞ்ச தோல் மேல, புண் மேல வேண்டவே வேண்டாம். தும்பை, நீங்க சொறிஞ்சு உரிஞ்ச இடத்துக்கு எந்த நறுமண எண்ணெயும் போடாதீங்க. சோப்பு போட்டுக் கழுவி, ஆறுற வரைக்கும் சும்மா விடுங்க. தடவின இடத்து மேல பிளாஸ்திரியும் ஒட்டாதீங்க, மூடி வெச்சா எண்ணெய் இன்னும் ஆழமா இறங்கித் தோலைப் புண்ணாக்கும்.

கிராம்பு எண்ணெயும் இலவங்கப்பட்டை எண்ணெயும் கடிக்கு நல்லதுன்னு சில இடத்துல எழுதுறாங்க. அது ரெண்டும் தோலைப் பயங்கரமாச் சுடும். கிராம்புல இருக்கிற யூஜெனால் பல்வலிக்கு மரத்துப்போக வைக்கும், சரிதான். அரிக்கிற தோலுக்கு அது இடம் இல்லை. நான் என் கலவை எதுலயும் அதைச் சேர்க்கிறதில்லை.

#8 வெண்மணல்

தேங்காய் எண்ணெய் பிசுபிசுப்பு எனக்குப் பிடிக்காது. தண்ணியில சொட்டு விட்டு ஸ்ப்ரே பாட்டில்ல அடிச்சா ஆகாதா?

#9 நொச்சிவேலி

ஆகாது. எண்ணெய் தண்ணியில கரையாது, மேல மிதக்கும். எவ்வளவு குலுக்கினாலும் நாலு தடவை வெறும் தண்ணியும் அஞ்சாவது தடவை கலக்காத எண்ணெயும்தான் தோல்ல விழும். கற்றாழை ஜெல்லும் பெரும்பாலும் தண்ணிதான், அதுலயும் சரியாக் கலக்காது. பிசுபிசுப்பு வேண்டாம்னா ஜோஜோபா எண்ணெய் பாருங்க, சீக்கிரம் தோல்ல இறங்கிடும். இல்லாட்டி மணமில்லாத சாதாரண மாய்ஸ்சரைஸர் க்ரீம்ல கலந்துக்கோங்க. க்ரீம்ல தண்ணியையும் எண்ணெயையும் சேர்த்துப் பிடிக்கிற பொருள் ஏற்கனவே இருக்கு, அதனால ஒரே சீராக் கலக்கும்.

#10 இளவேனில்

குழந்தைகள் வார்டுல செவிலியரா இருக்கேன். தும்பை அக்காவோட மூணாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை, அதான் எழுதுறேன்.

ரெண்டு வயசு ஆகாத குழந்தைக்குப் பெப்பர்மின்ட், மென்தால், யூகலிப்டஸ், கற்பூரம் எதுவும் வேண்டாம் அக்கா. முகத்துல, மூக்குக்கிட்ட, நெஞ்சுல மட்டும்னு இல்லை, கையில கால்லயும் வேண்டாம். அந்த வயசுல கை கால் எல்லாம் வாய்க்குள்ளதான் போகும். மென்தால் சின்னக் குழந்தைக்குக் குரல்வளையை இறுக்கி மூச்சை நிறுத்தக் கூடும். ஐரோப்பிய மருந்து முகமையும் ரெண்டு வயசுக்குக் கீழே பெப்பர்மின்ட் எண்ணெய் கூடாதுன்னே சொல்லுது.

கற்பூரமும் யூகலிப்டஸும் உள்ளே போனா வலிப்பு வரும். கொஞ்சமா விழுங்கினாலே போதும், அதுவும் நிமிஷக் கணக்குல. இந்தக் குப்பி எல்லாம் பார்க்கச் சின்னதா அழகா இருக்கும், மணமும் மிட்டாய் மாதிரி இருக்கும், குழந்தை கைக்கு எட்டாத உயரத்துல பூட்டி வையுங்க. தப்பித் தவறி குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. குப்பியையும் எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

அந்தக் குழந்தைக்குக் கடிச்ச இடத்துல குளிர்ந்த தண்ணியில நனைச்ச துணியைப் பத்து நிமிஷம் வெச்சு எடுங்க. கேலமைன் லோஷன் போடலாம். நகத்தை ஒட்ட வெட்டி விடுங்க, ராத்திரி மெல்லிசான முழுக்கை சட்டை போடுங்க. சின்னக் குழந்தைகளுக்கு அரிப்பைவிட, சொறிஞ்ச புண்ணுல கிருமி இறங்குறதுதான் பெரிய தொல்லை. வார்டுக்கு வர்றதும் அந்தக் குழந்தைகள்தான்.

#11 கருவிழி

பூனை வளர்க்கிறவங்க யாராவது இதைப் படிச்சா: டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கு விஷம், நாய்க்கும் ஆபத்து. இந்தப் பொருள்களை உடைச்சு வெளியேத்துற வசதி பூனையோட கல்லீரல்ல குறைவு. நீங்க கையில தடவிட்டுப் பூனையைத் தடவினா அது நக்கி உள்ளே எடுத்துக்கும். தெள்ளுப்பூச்சிக்குன்னு அதோட முடியில தெளிக்கவே தெளிக்காதீங்க.

#12 ஆலங்கட்டி

எது கடிச்சதுன்னே தெரியாம எண்ணெயை எடுக்கிறதுதான் எனக்குக் கவலை. தோட்ட வேலை பார்க்கிறவன் நான், அதனால பார்த்ததைச் சொல்றேன்.

கம்பளிப்பூச்சி பட்டா அது கடி இல்லை. அதோட மயிர் தோல்ல குத்தி நிக்குது. மேல எண்ணெய் விட்டுத் தேய்ச்சா மயிர் இன்னும் உள்ளே போகும், பரவும். ஒட்டுநாடாவை அந்த இடத்துல ஒட்டி ஒட்டி எடுக்கணும், பிறகு சோப்புத் தண்ணி.

ராத்திரி விளக்குக்கு வர்ற, செம்மஞ்சளும் கறுப்புமா இருக்கிற மெல்லிசான வண்டு ஒண்ணு உண்டு. அது கடிக்காது, நாம நசுக்கினா அதோட உடம்புல இருக்கிற பெடரின்ங்கிற நச்சுப் பொருள் தோல்ல பட்டு, ஒரு நாள் கழிச்சுச் சூடு பட்ட மாதிரி கோடு கோடாக் கொப்புளம் வரும். அது மேல பெப்பர்மின்ட் போட்டா எரிச்சல் இரட்டிப்பாகும். அந்த வண்டு உடம்பு மேல ஊர்ந்தா ஊதித் தள்ளிட்டு உடனே கழுவணும்.

உண்ணி கடிச்சு ஒட்டிக்கிட்டு இருந்தா எண்ணெய் ஊத்தி விடுவிக்கப் பார்க்காதீங்க. நுனி கூரான இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மேல இழுங்க, முறுக்காதீங்க. தேனீ கொட்டினா கொடுக்கு உள்ளேயே நிக்கும், எப்படி எடுக்கிறோம்ங்கிறதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம்ங்கிறதுதான் முக்கியம்.

விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்புல ராத்திரியானா தாங்க முடியாத அரிப்பு, வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் அதேன்னா அது கடியே இல்லாம சிரங்கா இருக்கலாம். அதுக்குப் பெர்மெத்ரின் மாதிரி மருந்தை மொத்தக் குடும்பமும் போட்டாத்தான் போகும்.

#13 வெண்மணல்

இவ்வளவு கவனம் தேவைன்னா ஹைட்ரோகார்ட்டிசோன் க்ரீமே போட்டுட்டுப் போகலாமே? ஸ்டீராய்டுன்னு பயந்துதான் நான் இயற்கைக்கு வந்தேன். இப்போ இதுவும் பயமா இருக்கு.

#14 பனித்துளி

ரெண்டுக்கும் பயப்பட வேண்டாம் சகோ. 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் தோல்ல போடுற ஸ்டீராய்டுகள்ல வீரியம் குறைஞ்ச ரகம். ரெண்டாம் நாள் வர்ற கெட்டிக் கட்டிக்கு அது எந்த எண்ணெயையும் விட நல்லா வேலை செய்யும். கடிச்ச இடத்துல மட்டும், சில நாளைக்கு மட்டும்னா பெரியவங்களுக்குப் பாதுகாப்பானது. முகத்துலயும் சின்னப் பிள்ளைகளுக்கும் மருத்துவரைக் கேட்டுட்டுப் போடுங்க. தும்பைக்கு மாதிரி கடிச்ச இடமெல்லாம் தடிக்கிற உடம்புக்குச் செட்டிரிசின்ங்கிற ஒவ்வாமை மாத்திரையும் உதவும்.

செடியிலிருந்து வந்ததுங்கிறதால ஒரு பொருள் மென்மையா ஆகிடாது. ஒரு சின்னக் குப்பிக்குள்ள கூடை கூடையா இலையைக் காய்ச்சி வடிச்ச சாரம் இருக்கு. மருந்துன்னு நினைச்சு அளவு பார்த்துப் போட்டா நறுமண எண்ணெய்க்கும் ஒரு இடம் இருக்கு. கடிச்ச உடனே வர்ற முதல் அரிப்புக்கு, பெரியவங்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும், உரியாத தோலுக்கு. அதைத் தாண்டி நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதை மட்டும் தனியாச் சொல்லிடறேன். கடிச்ச பிறகு உதடு, நாக்கு, முகம் வீங்குறது, மூச்சு வாங்குறது, தலை சுத்தி மயக்கம், உடம்பு முழுக்கத் தடிப்பு, இதுல எது வந்தாலும் எண்ணெயும் வேண்டாம் மாத்திரையும் போதாது, உடனே அவசர சிகிச்சை. அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காப்பாத்தும். சிவப்பு நாளுக்கு நாள் பரவுது, சூடா வலிக்குது, சீழ் வைக்குது, காய்ச்சல் வருதுன்னாலும் மருத்துவர்கிட்ட போங்க.

#15 செங்காந்தள்

பழைய குப்பிகளை எப்படித் தெரிஞ்சுக்கிறது? என் லாவெண்டர் எப்போ திறந்ததுன்னே தெரியலை, மணம் இன்னும் நல்லாத்தான் இருக்கு.

#16 நொச்சிவேலி

மணத்தை வெச்சுத் தீர்மானிக்க முடியாது தோழி. எப்போ திறந்ததுன்னு தெரியாத குப்பியைத் தோலுக்குப் போடாதீங்க, அறையில மணத்துக்கு வெச்சுக்கலாம். இனி திறக்கும்போது மூடியில மாசம், வருஷம் எழுதிடுங்க. நான் டீ ட்ரீயை ஒரு வருஷத்துக்கு மேல தோலுக்கு எடுக்கிறதில்லை. நிறக் கண்ணாடிக் குப்பி, இறுக்கமான மூடி, குளிர்ந்த இருட்டு இடம். பிளாஸ்டிக்ல ஊத்தி வைக்காதீங்க, சில பிளாஸ்டிக்கை இந்த எண்ணெய் அரிச்சிடும். குப்பி பாதிக்கு மேல காலியானா உள்ளே காத்து அதிகம், சின்னக் குப்பிக்கு மாத்திடுங்க.

வாங்கும்போது தாவரத்தோட அறிவியல் பேர் போட்டிருக்கான்னு பாருங்க. டீ ட்ரீன்னா மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா. வெறும் "வாசனை எண்ணெய்"னு மட்டும் இருந்தா அது செயற்கை மணமா இருக்கலாம், தோலுக்கு வேண்டாம்.

#17 தும்பை

எல்லாருக்கும் மனசார நன்றி. அக்கா குழந்தைக்கு எதுவும் தடவலை, குளிர்ந்த துணியும் கேலமைனும் மட்டும்தான். அதுவே அழுகையை நிறுத்திடுது. பொண்ணுக்கும் எனக்கும் டீ ட்ரீயை 1 சதவீதம் தேங்காய் எண்ணெயில கலந்து, முழங்கையில போட்டுப் பார்த்துட்டுத்தான் ஆரம்பிச்சேன். முதல்ல குளிர்ந்த துணி, துடைச்சிட்டு எண்ணெய். துணியாலயே பாதி அடங்கிடுது, எண்ணெய்க்கு அப்புறம் அவ சொறியறதை மறந்து தூங்கிடறா. எனக்கு வர்ற அந்த ரெண்டாம் நாள் கட்டிக்கு மட்டும் எண்ணெய் ஒண்ணும் செய்யலை, பனித்துளி சொன்னபடியேதான். அதுக்கு க்ரீம் வாங்கிட்டேன்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. பழைய கடி எல்லாம் கறுப்புத் தழும்பா நிக்குது. எலுமிச்சை எண்ணெய் போட்டா வெளுக்கும்னு ஒருத்தர் சொன்னாங்க, போடலாமா?

#18 பனித்துளி

போடாதீங்க. பிழிஞ்சு எடுத்த எலுமிச்சை, பெர்கமாட் எண்ணெய்கள்ல ஃப்யூரானோகூமரின்னு ஒரு வகைப் பொருள் இருக்கு. அது தோல்ல இருக்கும்போது வெயில் பட்டா தோல் வெந்து கொப்புளிக்கும், ஆறின பிறகு இப்போ இருக்கிறதைவிடக் கறுப்பாத் தழும்பு நிக்கும், மாசக்கணக்குல.

கடி ஆறின இடத்துல நிற்கிற கறுப்பு, வீக்கத்துக்குப் பின்னால தோல் கூடுதலா உண்டாக்கின நிறமி. பெரும்பாலும் தானா மங்கும், மாநிறத்துக்குக் கொஞ்சம் கூடுதல் காலம் ஆகும். வெயிலுக்குப் போகும்போது அந்த இடத்தைத் துணியால மூடுங்க, இல்லாட்டி சன்ஸ்கிரீன் போடுங்க. மறுபடி அங்கேயே சொறியாம இருந்தா போதும்.

#19 இளவேனில்

தும்பை அக்கா, கொசுவலை கட்டினீங்களா? குழந்தை தூங்குற இடத்துக்கு அதுதான் முதல்ல. சிட்ரோனெல்லா எண்ணெய் தடவினா கொசு வராதுன்னு நம்பி விட்டுடாதீங்க, அது சீக்கிரமே ஆவியாகிப் போயிடும், ராத்திரி முழுக்கத் தாங்காது. கொசுக்கடிக்குப் பிறகு காய்ச்சல் வந்தா அரிப்பைப் பார்த்துக்கிட்டு இருக்காம ரத்தப் பரிசோதனைக்குப் போயிடுங்க.

#20 தும்பை

இன்னைக்கே கட்டிடறேன் தங்கச்சி. வலையோட ஓரத்தை மெத்தைக்கு அடியில செருகணுமா, தொங்க விட்டா போதுமா?

#21 இளவேனில்

நல்லாச் செருகுங்க அக்கா. தூங்கும்போது கை கால் வலையை ஒட்டி இருந்தா கொசு வெளியிலிருந்தே கடிச்சிடும், அதனால வலை கொஞ்சம் அகலமா இருக்கட்டும்.